விளம்பரம் சொல்லாமல் சொல்வது: வாசகர் கேள்வி பதில்

விளம்பரங்களைப் பற்றிய கேள்விகளை அனுப்பும்படி தென்னாப்பிரிக்கத் தமிழ் வாசகர்களைச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதப்படுகிறது.

கேள்வி: என் பேத்தி இவ்வாண்டு மேட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறாள். ஆங்கில முதல் தாளில் ஒரு விளம்பரத்தை அச்சிட்டு, அதை ஆராயச் சொல்லி 10 மதிப்பெண் தருகிறார்கள். விளம்பர மரபுகள், சித்திரிப்பு என்றெல்லாம் அவள் மனப்பாடம் செய்கிறாள். நாங்கள் செய்யுளுக்கு உரை எழுதிப் படித்தவர்கள். சோப்பு விளம்பரத்துக்கு உரை எழுதுவதும் ஒரு படிப்பா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியை, டோங்காட்)

பதில்: செய்யுளுக்கு உரை எழுதிய தங்களுக்குத்தான் அம்மா, இது மற்றவர்களைவிட விரைவில் வசப்படும். அகப்பாடலில் முல்லைப் பூவும் கார்காலத்து மாலையும் வந்துவிட்டால், தலைவி காத்திருக்கிறாள் என்று புலவர் தனியே சொல்ல வேண்டியதில்லை. நெய்தல் நிலத்துக் கடலும் எற்பாடு என்னும் பொழுது சாயும் வேளையும் வந்தால் இரங்கல் தானே வந்து சேரும். பூ, பறவை போன்ற கருப்பொருளைப் புலவர் வைக்கிறார், அது குறிக்கும் உணர்வாகிய உரிப்பொருளைப் படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். இந்த ஏற்பாடு இருவருக்கும் முன்பே தெரிந்திருப்பதால்தான் ஐந்தடிப் பாட்டில் ஒரு வாழ்க்கையே அடங்கிவிடுகிறது. முப்பது வினாடி விளம்பரமும் இதே சிக்கனத்தில்தான் பிழைக்கிறது. வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர் பற்பசையைக் கையில் ஏந்தி நின்றால், அவர் நடிகர் என்பது நமக்குத் தெரிந்திருந்தும், மருத்துவ அறிவின் நிழல் அந்தக் குழாயின்மேல் விழுந்துவிடுகிறது. 'நான் பல் மருத்துவர்' என்று அவர் ஒருபோதும் சொல்வதில்லை, சொன்னால் பொய்யாகிவிடும். மழையில் நனைந்த மலைப்பாதையில் வேறு வண்டியே இல்லாமல் ஒரு கார் வளைந்து செல்லும்போது, காலை ஏழு மணிக்கு டர்பன் நெடுஞ்சாலையில் வரிசையில் நிற்கும் நாம் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிடுகிறோம். கைக்கடிகார விளம்பரங்களில் முட்கள் பெரும்பாலும் 10 மணி 10 நிமிடத்தை ஒட்டியே நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். இரு முட்களும் சமமாக விரிந்து, நடுவிலுள்ள நிறுவனப் பெயரை மறைக்காமல் நிற்பதோடு, முகப்புக்கு ஒரு புன்னகைச் சாயலையும் தருகின்றன. மாதவிலக்கு அணையாடை விளம்பரத்தில் நெடுங்காலம் நீல நீரை ஊற்றிக் காட்டினார்கள். யாரும் அதைப் பார்த்து வியக்கவில்லை என்பதே மரபின் வலிமை.

மரபு என்பது இந்தப் பொதுவான குறிகள். அந்தக் குறிகளுக்குள் எந்த மனிதரை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பது சித்திரிப்பு. துணி துவைப்பவர் யார், துவைக்கும் தூளின் அறிவியலை விளக்கும் குரல் யாருடையது என்று பேத்தியைக் கேட்கச் சொல்லுங்கள். எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1970களில் நூற்றுக்கணக்கான விளம்பரப் படங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து, ஆண்களின் கைகள் பொருளை இறுகப் பற்றுவதையும், பெண்களின் விரல்கள் அதே பொருளை வருடுவதையும், உயரத்திலும் பார்வையிலும் ஆண் மேலே இருப்பதையும் சுட்டிக்காட்டினார். தனித்தனியே பார்த்தால் இயல்பாகத் தோன்றும் படங்கள், அடுக்கி வைத்தால்தான் தம் ஒழுங்கைக் காட்டிக்கொடுக்கின்றன. தேர்வுக்குப் பயன்படும் ஒரு வழியும் உண்டு. படத்தில் ஒன்றை மட்டும் மனத்தால் மாற்றிப் பார்க்க வேண்டும். சமையலறையில் தாய்க்குப் பதில் தந்தை, வேகமான ஸ்போர்ட்ஸ் காரில் இளைஞனுக்குப் பதில் ஒரு பாட்டி. மாற்றியதும் சிரிப்பு வந்தால், அந்த இடத்தில் ஒரு மரபு மறைந்திருந்தது என்று பொருள். அகப்பாடலில் உள்ளுறையை, அதாவது மறைந்திருக்கும் பொருளை, தேடச் சொல்லிக்கொடுத்தீர்களே, அதையேதான் இங்கும் தேட வேண்டும்: விளம்பரம் எதைத் தான் சொல்லாமல் நம்மைச் சொல்ல வைக்கிறது என்பதை.

கேள்வி: தீபாவளி வந்தால் பேரங்காடிகளின் விளம்பரத் தாள்களில் தாஜ்மகால், ரங்கோலி, சித்தார் இசை. எழுத்துகூட இந்தி எழுத்தைப் போல வளைந்து நிற்கிறது. நாங்கள் தமிழர்கள் என்பது இவர்களுக்குத் தெரியாதா, அல்லது தெரிந்தும் அலட்சியமா? (வாசகர், சாட்ஸ்வர்த்)

பதில்: இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன், ஆனால் விளைவு அலட்சியத்துக்குச் சமம்தான். 1860-க்கும் 1911-க்கும் இடையில் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அமைந்துள்ள நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் 1,52,000-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்களின் பேரன் பேத்திகளுக்கு மசாலாப் பொட்டலத்தில் ஆக்ராவின் கல்லறையை அச்சிட்டுக் கொடுப்பது வேடிக்கைதான். (அது கல்லறை என்பதையும் சமையல் பொருளில் அச்சிடுகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.) ஆனால் விளம்பரம் எழுதுபவரின் கணக்கு வேறு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் இந்தியரும் பிற ஆசியரும் சேர்ந்து 2.7 விழுக்காடு. அந்தத் தாளைப் புரட்டும் மற்றவர்கள் அனைவரும் ஒரே நொடியில் 'இந்தியா' என்று அடையாளம் காண வேண்டும் என்பதே அவருடைய தேவை. ஒரு நொடியில் எல்லோருக்கும் தெரிவது எதுவோ அதுவே குறியாகிவிடுகிறது. நாதசுரம் நமக்குத் திருமணத்தையும் கோயிலையும் நினைவூட்டும், அவருக்கு அது வெறும் ஊதல். சித்தாரோ உலகெங்கும் 'இந்தியா' என்று வாசிக்கப்படும் ஒலி.

எழுத்தைப் பற்றித் தாங்கள் சொன்னது நுட்பமான கவனிப்பு. ரோமன் எழுத்துகளின் தலையில் ஒரு கோட்டை இழுத்து, அதிலிருந்து அவற்றைத் தொங்கவிட்டது போன்ற ஓர் எழுத்துரு உணவகப் பலகைகளிலும் திருவிழா விளம்பரங்களிலும் வழங்குகிறது. அந்தத் தலைக்கோடு தேவநாகரியின் அடையாளம். தமிழ் எழுத்துக்குத் தலைக்கோடே கிடையாது. படிக்கத் தெரியாதவர்களுக்காக எழுத்தின் தோற்றத்தை மட்டும் கடன் வாங்கும் இந்த வழக்கத்தில், நம் வட்டெழுத்து மரபும் வளைவுகளும் கண்ணில் படாமலே போய்விடுகின்றன.

நாள் விஷயம் இதைவிடப் பெரிது. நாம் சதுர்த்தசி அன்று விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தீபாவளியைத் தொடங்குகிறோம், இந்தி வழி வந்தவர்கள் அமாவாசை மாலையில் இலட்சுமி வழிபாட்டோடு விளக்கேற்றுகிறார்கள். பல ஆண்டுகளில் இவை அடுத்தடுத்த நாள்களில் விழுகின்றன. எந்த நாளை விடுமுறையாகக் கேட்பது என்ற விவாதம் நம் சங்கங்களில் ஆண்டுதோறும் எழுவதைத் தாங்கள் அறிவீர்கள். விளம்பரத் தாளில் அந்த விவாதமே இல்லை. ஒரே நாள், ஒரே விளக்கு, இரவு நேரப் படம். விடியற்காலை எண்ணெய்க் குளியலோ, அண்டை வீட்டாருக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோகும் வழக்கமோ அங்கே வருவதில்லை, வந்தால் அது நம் தெருவாகிவிடும். விளம்பரத்துக்கு வேண்டியது தெரு அன்று, திருவிழா. ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். நம்மவர் நடத்தும் கடைகளின் விளம்பரங்களிலும் அதே சித்தார்தான் ஒலிக்கிறது. பிறர் நமக்குத் தைத்த சட்டையை நாமே விலை கொடுத்து வாங்கி அணிந்துகொள்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் இந்தியத் தொலைக்காட்சித் தொடர்களை விரும்பிப் பார்க்கிறோம். முகப்பூச்சு விளம்பரங்களில் கறுத்த பெண் வேலை கிடைக்காமல் தவிப்பதும், பூசியபின் வெளுத்து வெற்றி பெறுவதும் முன்பு வெளிப்படையாக இருந்தன. இப்போது 'பொலிவு' என்கிறார்கள். மாறியிருக்கிறதா, இல்லையா? (வாசகி, லெனேசியா)

பதில்: சொல் மாறியிருக்கிறது, படத்தின் இலக்கணம் மாறவில்லை. 1975-இல் இந்தியாவில் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-இல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. நிறத்தைக் குறித்த சொல் பெயரிலிருந்து போயிற்று. ஆனால் ஒரே முகத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை மங்கலாகவும் மறுபாதியை ஒளியூட்டியும் காட்டும் வழக்கமும், இடப்பக்கம் வாட்டமும் வலப்பக்கம் புன்னகையும் என்ற வரிசையும் பார்ப்பவர் மனத்தில் ஐம்பது ஆண்டுகளாக ஊறிப்போனவை. நடுவில் ஒரு கோடு போட்டால் போதும், மீதிக் கதையை நாமே சொல்லிக்கொள்வோம்.

தென்னாப்பிரிக்காவின் வரலாறு இதில் இந்தியாவுக்குப் பாடமாக இருக்கத்தக்கது. நிறவெறி ஆட்சிக் காலத்தில், தோலின் சாயலே ஒருவர் எங்கே குடியிருக்கலாம், எந்த வேலை செய்யலாம் என்பதைத் தீர்மானித்த நாட்டில், கறுப்பினப் பெண்களைக் குறிவைத்து வெளுப்பூட்டும் களிம்புகள் பெருந்தொழிலாக வளர்ந்தன. அவற்றில் கலந்த ஹைட்ரோகுவினோன் தோலில் நிறமி உருவாவதைத் தடுப்பது. ஆண்டுக்கணக்கில் பூசி வெயிலில் நடமாடியவர்களுக்கு, கன்னங்களில் கருநீலத் திட்டுகள் படிந்து நிலைத்தன. வெளுப்பதற்காகப் பூசியது கருக்கவே வைத்தது, மறைக்க மேலும் பூசினார்கள். தோல் மருத்துவர்களும் நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தினரும் ஆண்டுகள் பல போராடியதன் பயனாக, 1990-இல் வெளியான விதிகள் ஒப்பனைப் பொருள்களில் ஹைட்ரோகுவினோனைத் தடை செய்ததோடு, தோலை வெளுக்கும், நிறத்தைக் குறைக்கும் என்று விளம்பரங்களில் உரிமை கொண்டாடுவதையும் தடுத்தன. பொருளை மட்டுமன்றி வாக்குறுதியையும் தடை செய்த முதல் நாடு இதுதான்.

ஆனால் சட்டத்தால் சொல்லைத்தான் பிடிக்க முடிந்தது. அதன்பின் 'சீரான நிறம்', 'கறை நீக்கம்', 'ஒளி' என்ற சொற்கள் வந்தன. சொல்லப்படாதது அப்படியே நின்றது. கள்ளத்தனமாக விற்கப்படும் களிம்புகள் இன்றும் கடைகளில் பிடிபடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சொல்லே இல்லாமலும் இது நடக்கும், ஒரே சொல்லாலும் நடக்கும். 2020 செப்டம்பரில் கிளிக்ஸ் மருந்துக்கடை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில், டிரெசமே என்ற கூந்தல் பொருளுக்காக வெளியிடப்பட்ட படங்களில் கறுப்பினப் பெண்ணின் கூந்தலுக்குக் கீழே வறண்டது, சேதமடைந்தது, மங்கியது என்றும், வெள்ளையினப் பெண்ணின் கூந்தலுக்குக் கீழே இயல்பானது என்றும் எழுதியிருந்தார்கள். படங்கள் தனியே இருந்திருந்தால் அவை நான்கு பெண்களின் படங்கள் மட்டுமே. அடியில் எழுதிய சிறு குறிப்பு, பார்ப்பவரின் கண்ணைப் பிடித்து ஒரே பொருளில் நிறுத்திவிட்டது. நாடெங்கும் கடைகளின் முன் ஆர்ப்பாட்டம் நடந்தது, கிளிக்ஸ் மன்னிப்புக் கேட்டு அந்தப் பொருளை விற்பனையிலிருந்து நீக்கியது, தயாரிப்பாளரான யூனிலீவரும் மன்னிப்புக் கேட்டது. பலர் அதை ஒரு தனி எழுத்தரின் கவனக்குறைவு என்றார்கள். அந்தப் படங்கள் பல மேசைகளைக் கடந்துதான் வெளிவந்திருக்கும். எந்த மேசையிலும் 'இயல்பானது' என்ற சொல் யாருடைய கண்ணையும் உறுத்தவில்லை என்பதே நான் கவனிக்கச் சொல்வது.

தங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளிடம் அந்தத் தொடர்களைப் பார்க்காதே என்று சொல்வதால் பயனில்லை. விளம்பரம் ஓடும்போது ஒலியை அணைத்துவிட்டு, கதையை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். வசனமின்றியும் கதை முழுதாக வந்துவிடுவதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

கேள்வி: விக்டோரியா தெருச் சந்தையில் மசாலாக் கடை வைத்திருக்கிறேன். மிளகாய்த்தூள் குவியலில் 'மாமியாரை ஒழிக்கும் தூள்' என்ற பொருளில் ஆங்கிலப் பலகை வைத்திருக்கிறோம், சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு வாங்கிப் போகிறார்கள். என் மருமகள், என் மனைவியை இது அவமதிக்கிறது என்று பலகையை எடுக்கச் சொல்கிறாள். மாமியாரோ இருக்கட்டும் என்கிறாள். என்ன செய்வது? (கடைக்காரர், டர்பன்)

பதில்: மாமியாருக்காக மருமகள் வழக்காடும் வீடு வாழ்க. வேடிக்கைப் பெயரின் வேலை எளியது: காரத்தின் அளவை ஒரு சிரிப்பால் சொல்லிவிடுகிறது, பயணி ஊர் திரும்பிச் சொல்வதற்கு ஒரு கதையும் கிடைக்கிறது. அவர் வாங்குவது தூளைக் காட்டிலும் அந்தக் கதையைத்தான். ஆனால் இந்தியக் குடும்பம் என்றால் மாமியார் கொடுமை, இந்தியச் சமையல் என்றால் நாக்கைச் சுடும் காரம் என்று அவர் ஏற்கெனவே கொண்டுவந்த எண்ணத்தை நாம் காசு வாங்கிக்கொண்டு உறுதி செய்து அனுப்புகிறோம். நகைச்சுவை உள்ளூரில் நம்மவருக்கு ஒரு பொருள், வெளியூராருக்கு வேறு பொருள். பலகையை எடுக்க வேண்டாம். பக்கத்தில், மனைவியார் வீட்டில் அரைக்கும் மீன் கறித் தூளை அவர் பெயரிலேயே வைத்து, எந்த மீனுக்கு எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். எது விற்கிறது என்று அடுத்த கடிதத்தில் தெரிவித்தால் இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறோம்.

கேள்வி: தொலைக்காட்சியில் பகல் முழுவதும் இறுதிச் சடங்குக் காப்புறுதி விளம்பரம்தான். எழுபது வயதான எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவேனோ என்று தோன்றுகிறது. (வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: அப்படித் தோன்ற வேண்டும் என்றே அது எடுக்கப்பட்டது, ஐயா. இந்த வகை விளம்பரத்தில் மரணம் காட்டப்படுவதில்லை. நல்ல உடை அணிந்த குடும்பம், நிமிர்ந்த தலை, நன்றியோடு ஒரு பார்வை, இவ்வளவுதான். பணமில்லாமல் தலை குனியும் குடும்பத்தை யாரும் காட்டுவதில்லை. அந்தப் படத்தை நாம் உள்ளே ஓட்டிக்கொள்கிறோம், அச்சம் அங்கிருந்துதான் வருகிறது. பகல் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் யார் என்பதைப் பார்த்தே நேரத்தையும் தேர்ந்தெடுக்கிறார்கள். இறுதியில் வேகமாக வாசிக்கப்படும் நிபந்தனைகளே உண்மையான ஒப்பந்தம். குறிப்பாக, இயற்கை மரணத்துக்கு ஆறு மாதம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம் என்பதையும், வயது ஏற ஏறத் தவணை எவ்வளவு உயரும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்புறுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள், தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து செய்யாதீர்கள்.

கேள்வி: நகைச்சுவை விளம்பரங்கள் நம் நாட்டில் இனங்களைக் கேலி செய்கின்றன என்று சிலர், ஒன்று சேர்க்கின்றன என்று சிலர். தங்கள் கருத்து? (மாணவர், பீட்டர்மரிட்ஸ்பர்க்)

பதில்: இந்நாட்டுத் தொலைக்காட்சி 1976-இல் தொடங்கி, விளம்பரங்களை 1978-இல்தான் ஏற்றது. 1982-இல் கறுப்பினத்தவருக்கெனத் தனி ஒளிபரப்புகள் வந்தன. நமக்கு 1983-இல் லோட்டஸ் வானொலி வந்தது. ஆகவே வீட்டுக்கு வீடு வெவ்வேறு திரையில் வெவ்வேறு நாடு தெரிந்தது. நிறவெறி ஆட்சி முடிந்த 1994-க்குப் பின் எல்லா இனத்தவரும் ஒரே அடுப்பைச் சுற்றி நின்று இறைச்சி சுடும் காட்சி புதிய மரபாயிற்று. அது பல சமயம் வெறும் தலை எண்ணிக்கை: நால்வரில் ஒருவர் இந்தியர், அவருக்கு வசனமில்லை.

அதே ஆண்டில் தொடங்கிய, வோடாகாம் கைப்பேசி நிறுவனத்தின் 'யெபோ கோகோ' (சூலு மொழியில் 'ஆமாம் பாட்டி') விளம்பர வரிசை வேறு வழியில் சென்றது. மிடுக்கு மிகுந்த வெள்ளையின இளைஞனையும், நிதானமான கறுப்பின முதியவரையும் எதிரெதிரே நிறுத்தி, இறுதியில் முதியவரை வெல்ல வைத்தது. அந்த முதியவராக நடித்தவர் கோலே ஒமோட்டோசோ என்ற நைஜீரிய எழுத்தாளர், பேராசிரியர். யார் யாருக்குப் பணிந்து பேச வேண்டும் என்ற பழைய வழக்கு நாடு முழுவதற்கும் மனப்பாடமாக இருந்ததால்தான், அதைத் தலைகீழாக்கியதும் நாடே சிரித்தது. நாண்டோஸ் கோழி உணவகம் 2012-இல் எடுத்த விளம்பரத்தில், நாட்டின் தொல்லைகளுக்கெல்லாம் வெளிநாட்டவரே காரணம் என்று ஒரு குரல் சொல்லச் சொல்ல, வந்தேறிகள் ஒவ்வொரு கூட்டமாகப் புகையாக மறைகிறார்கள். மறைகிறவர்களில் இந்தியரும் உண்டு, டச்சு வழி வந்த வெள்ளையரான ஆஃப்ரிக்கானரும் உண்டு. எஞ்சுபவர் பாலைநிலத்துத் தொல்குடியான சான் இனத்தவர் ஒருவர் மட்டுமே, தான் எங்கும் போகப்போவதில்லை என்கிறார். தேசிய ஒலிபரப்புக் கழகமும் பிற நிலையங்களும் அதை ஒளிபரப்ப மறுத்தன. என் கணிப்பில் அது அந்த ஆண்டின் மிக நேர்மையான அரசியல் பேச்சு, கோழி விற்பதற்காகப் பேசப்பட்டது என்றபோதிலும்.

ஆனால் தலைகீழாக்குவது எப்போதும் பலிப்பதில்லை. 2018-இல் சிக்கன் லிக்கன் என்ற கோழி உணவகத்தின் விளம்பரமொன்றில், 1650-இல் ஒரு கறுப்பின இளைஞன் கப்பலேறிச் சென்று ஹாலந்தில் கரையேறி ஐரோப்பாவைக் 'கண்டுபிடிக்கிறான்'. குடியேற்ற ஆதிக்கத்தின் துயரத்தை அது கேலிப்பொருளாக்குகிறது என்று புகார் வந்து, விளம்பரத்தை விலக்கும்படி உத்தரவாயிற்று. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. இருந்தாலும், ஒரே படத்தில் ஒருவர் பழி தீர்த்த மகிழ்ச்சியையும் மற்றவர் ஆறாத புண்ணையும் பார்க்க முடியும் என்பதை அது காட்டியது. தாங்கள் கேட்ட இரண்டு கட்சிக்கும் இடமிருப்பதன் காரணம் அதுவே.

கேள்வி: ஒரு விளம்பரம் ஏமாற்றுகிறது என்று தோன்றினால் எங்கே முறையிடுவது? செலவாகுமா? (வாசகி, ஸ்டாங்கர்)

பதில்: விளம்பரத் துறையினரே அமைத்த ஒழுங்குமுறை வாரியம் 2018 முதல் புகார்களை விசாரிக்கிறது. பொதுமக்கள் கட்டணமின்றி எழுதலாம். வாரியம் தண்டம் விதிக்கும் நீதிமன்றமன்று. விளம்பரத்தை விலக்கச் சொல்லும், மறுத்தால் தன் உறுப்பினர்களான ஊடகங்களிடம் அதை வெளியிடாதீர்கள் என்று சொல்லும். உறுப்பினரல்லாத நிறுவனங்களின் விளம்பரங்கள் குறித்தும் அது தன் உறுப்பினர்களுக்கு வழிகாட்டலாம் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது.

இந்த இதழின் மற்றக் கேள்விகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று வாரியத்தின் விதித்தொகுப்பில் இருக்கிறது. வெளிப்படையான கூற்று மட்டுமன்றி, குறிப்பால் உணர்த்துவதும், சொல்லாமல் விடுவதும், படத்தால் தோன்ற வைப்பதும் ஏமாற்றாகலாம் என்று அது ஏற்கிறது. ஆகவே 'அவர்கள் அப்படிச் சொல்லவில்லையே' என்ற பதிலுக்கு அஞ்ச வேண்டாம். எந்த நாள், எந்த அலைவரிசை அல்லது இதழ் என்று குறித்து, படத்தையோ பதிவையோ இணைத்து, பார்க்கும் நியாயமான ஒருவர் எதை நம்புவார், உண்மையில் கிடைப்பது என்ன என்பதை இரண்டு பத்தியில் எழுதுங்கள். கோபத்தை எழுதினால் வாரியம் படிக்கும், வேறுபாட்டை எழுதினால் விசாரிக்கும்.